பிள்ளையின் குறையைப் பிந்திக் கண்டுபிடித்தார்கள்: யாரிடம் முறையிடுவது?

கோப்பாயிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகனுக்கு நாலு வயதாகப் போகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான் இல்லை என்று ஒன்றரை வயதிலிருந்தே கிளினிக்கில் சொல்லி வந்தேன். 'ஆண் பிள்ளை, சுணங்கித்தான் கதைப்பான்' என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்று பரிசோதனையில் தெரிய வந்திருக்கிறது. முறைப்பாடு செய்ய விரும்புகிறேன். ஆனால் தொடர்ந்து அங்கேதானே போக வேண்டும் என்று பயமாகவும் இருக்கிறது."

சகோதரி, முதலில் சிகிச்சை. செவிப்புலன் கருவி, பேச்சுப் பயிற்சி இரண்டையும் முறைப்பாட்டின் முடிவுக்காக ஒரு கிழமைகூடத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் வயது இதுதான். முறைப்பாடு தன்பாட்டில் நடக்கட்டும்.

இனி, உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சான்றை எடுங்கள். பிள்ளை பிறந்தபோது தந்த வளர்ச்சிப் பதிவேட்டைச் சொல்கிறேன். எந்தத் திகதியில் என்ன சொன்னோம் என்பது நினைவில் இல்லை என்றுதான் பெரும்பாலான பெற்றோர் தடுமாறுகிறார்கள். தடுப்பூசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒன்பதாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம், மூன்று வயது என்று ஒவ்வொரு ஊசிக்கும் நேரே திகதி இருக்கும். நீங்கள் கிளினிக்குக்குப் போன நாட்கள் அவை. எந்த நாளில் யாரிடம் என்ன சொன்னீர்கள் என்று பக்கத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். வளர்ச்சிப் படிகளைக் குறிக்கும் பக்கத்தில் ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா, வெறுமையாக விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெறுமையான கட்டமும் உங்களுக்குச் சான்றுதான். எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்து வையுங்கள். மூலப் பதிவேட்டை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் நிற்கட்டும். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் "அலட்சியம் செய்தார்கள்" என்று எழுதினால் "அலட்சியம் நடக்கவில்லை" என்ற ஒரு வரியோடு பதிலை முடித்துவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: "பதினெட்டாம் மாத ஊசிக்கு வந்த அன்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மகன் திரும்புவதில்லை என்று கூறினேன். அவன் செவிப்புலன் பரிசோதனைக்கு அனுப்பப்படவில்லை. அனுப்பாததன் காரணத்தை எழுத்தில் அறியத் தரவும்." இதற்கு மழுப்பலாகப் பதில் எழுதுவது கடினம். வீடு வீடாக அலையும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் மேல் முழுப் பழியும் போய் விழாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையை மேலே அனுப்பும் பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். அப்போதுதான் அடுத்த பிள்ளைக்காவது வழி பிறக்கும்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் மாதக்கணக்கை இழக்கிறார்கள். ஊர்க் கிளினிக் என்றால் உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்கு மேல் யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அதற்கும் மேல் வடமாகாணப் பணிப்பாளர். யாழ். போதனா வைத்தியசாலை மாகாணத்தின் கீழ் வராது. கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ் இயங்குவது. அங்கே நடந்தவற்றுக்கு அதன் பணிப்பாளருக்கும், பதில் வராவிட்டால் அமைச்சின் செயலாளருக்கும் எழுத வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

பதிவுகளின் பிரதி தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். ஒருவருடைய மருத்துவப் பதிவை அவரது எழுத்துமூலச் சம்மதமின்றி வெளியிட அந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே தாய் என்ற முறையில் உங்கள் சம்மதக் கடிதத்தையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

பழிவாங்குவார்களோ என்ற பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் எழுத்தில் முறைப்பாடு இருக்கும் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவது யாருக்கும் எளிதல்ல. சிகிச்சை தடையின்றித் தொடர வேண்டும் என்று கடிதத்திலேயே ஒரு வரி கேளுங்கள். வேறொரு விசேட வைத்திய நிபுணரிடம் காட்டவும், இன்னொரு அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும் உங்களுக்கு வழி உண்டு.

குறிப்பிட்ட ஒரு வைத்தியரின் தொழில் நடத்தை பற்றிய குற்றச்சாட்டு என்றால் இலங்கை மருத்துவ சபைக்குப் போகலாம். அது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்; நட்டஈடு தராது. அவமதித்தார்கள், பாகுபாடு காட்டினார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதமே அவகாசம் என்பதால் ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குத் தாமதிக்காமல் போக வேண்டும்.

நட்டஈட்டு வழக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1992 இல் கொழும்பில் ஒரு சிறுமியின் மூளைக் கட்டி வேறு நோயாகக் கருதப்பட்டு அவள் இறந்துபோனாள். பெற்றோருக்குச் சார்பாக வந்த தீர்ப்பை 2001 இல் உயர் நீதிமன்றம் மாற்றியது. கவனயீனத்தால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். உங்கள் விடயத்திலும் கிளினிக்கின் தாமதத்தால் காது பழுதாகவில்லை. அந்தத் தாமதத்தால் போனது மகன் மொழி கற்றிருக்க வேண்டிய காலம். இதை வைத்திய நிபுணர் ஒருவரின் கடிதத்தோடு காட்ட முடியுமா என்பதை வைத்தே வழக்கின் பலம் அமையும். பொதுவாக இத்தகைய வழக்குகளுக்கு 2 வருட எல்லை உண்டு. சட்டத்தரணியை அமர்த்த வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் விசாரியுங்கள்.

கடிதங்களை எல்லாம் தமிழிலேயே எழுதுங்கள், கொழும்புக்குப் போவதையும். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உங்களுக்கு உரிமை தருகிறது. சிங்களத்தில் பதில் வந்தால் தமிழ்ப் பிரதி கேட்டுத் திருப்பி எழுதுங்கள்.