ஊசி போட்டும் ஆடுகள் சாகின்றனவே, ஏன்?

கேள்வி: என்னிடம் 40 வெள்ளாடுகள் இருக்கின்றன. பக்கத்துப் பட்டியில் ஆட்டுக்கொல்லி நோய் என்று கேள்விப்பட்டதும் கடையில் தடுப்பூசி வாங்கி நானே போட்டேன். காலையில் மருந்தைக் கலக்கி, போட்டு முடிக்க மதியம் ஆகிவிட்டது. ஆறாம் நாள் சில ஆடுகளுக்குக் காய்ச்சல், மூக்கு ஒழுகல், கழிச்சல். மூன்று செத்துவிட்டன. மருந்து போலியா? வேறு கம்பெனி மருந்தை இரட்டை அளவில் போடட்டுமா?

பதில்: போடாதீர்கள். அளவைக் கூட்டினால் பாதுகாப்பு கூடாது. காய்ச்சலில் துவண்டு கிடக்கும் ஆட்டுக்கு எந்தத் தடுப்பூசியும் ஆகாது. நோயுற்ற ஆடுகளை இன்றே தனியாகப் பிரித்துக் கட்டி, கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். நன்றாக இருக்கும் ஆடுகளுக்கு மறுபடி ஊசி தேவையா என்பதை அவர் காய்ச்சல் பார்த்து முடிவு செய்யட்டும்.

ஆட்டுக்கொல்லிக் கிருமி உடம்பில் புகுந்து, அறிகுறி தெரியப் பொதுவாக 4 முதல் 6 நாள் ஆகும். தடுப்பூசி போட்டு நம்பகமான எதிர்ப்பு சக்தி வர 2, 3 வாரம் வேண்டும். உங்கள் ஆடுகளில் சில, ஊசி போட்ட அன்றே நோயைச் சுமந்திருக்க வாய்ப்பு அதிகம். நோய் பக்கத்தில் வந்த பிறகு ஓடிப்போய் ஊசி போட்டால் இதுதான் நடக்கும்.

கம்பெனியை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். மருந்து கடையிலிருந்து பட்டிக்கு எப்படி வந்தது என்று எழுதவே இல்லையே! கடிதத்தில் ஐஸ் என்ற சொல்லே இல்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து, உலர்த்திக் குப்பியில் அடைத்த மருந்து. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு. அதற்கான கரைப்பானோடு (உலர்ந்த மருந்தைக் கரைக்கும் திரவம்) கலந்த பிறகு, ஐஸ் மேல் வைத்திருந்தாலும் 2 மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். கரைப்பானும் சில்லென்று இருக்க வேண்டும். மதியம் நீங்கள் போட்டது பெரும்பாலும் வெறும் தண்ணீராகத்தான் இருந்திருக்கும். 40 ஆட்டையும் முதலிலேயே அடைத்து வைத்து, பிடித்துக் கொடுக்க ஆள் நிறுத்திவிட்டு, அப்புறம் குப்பியைத் திறந்திருக்க வேண்டும்.

தடுப்பூசியை வெறும் பாலிதீன் பையில் போட்டு நீட்டும் கடைக்காரரிடம் வாங்கவே வாங்காதீர்கள். "ஒன்றும் ஆகாது, சீக்கிரம் போய்விடுங்கள்" என்பவர் உங்கள் மந்தையை வைத்துச் சூதாடுகிறார். பிரிட்ஜைத் திறந்து உள்ளே தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையா, திரும்பி வந்துவிடுங்கள். இரவில் பிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் கடையில் எந்தக் கம்பெனி மருந்தும் கெட்டுத்தான் போகும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. துள்ளுமாரி, கோமாரி போன்றவற்றுக்கான கொல்லப்பட்ட கிருமித் தடுப்பூசிகளை ஃப்ரீஸரில் உறைய வைத்தால் அவை பாழ். ஐஸ் பெட்டியிலும் குப்பி ஐஸை நேரடியாகத் தொடக்கூடாது. இடையில் துணி சுற்றுங்கள். உறைந்து உருகிய மருந்தைக் குலுக்கி வைத்தால் செதில் செதிலாக அடியில் தங்கும். அதைக் கொட்டிவிடுங்கள், போடாதீர்கள்.

ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆட்டுக்கு ஆடு புது ஊசி. குப்பியின் மூடியில் மருந்து எடுக்க மட்டும் ஓர் ஊசியைக் குத்தி நிறுத்திவிடுங்கள். ஆட்டுக்குப் போட்ட ஊசி குப்பிக்குள் போகவே கூடாது. திரும்பப் பயன்படுத்தும் சிரிஞ்சைக் கொதிநீரில் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். ஸ்பிரிட்டோ டெட்டாலோ உள்ளே தங்கினால் உயிருள்ள தடுப்பூசி செத்துவிடும். தோலைக் கூடாரம்போல் தூக்கிப் பிடித்து அடியில் குத்துங்கள். ஊசி நுனி தோலுக்கடியில் தடையில்லாமல் அசைந்தால் சரியான இடம்.

போட்டபின் அரை மணி நேரம் பட்டியை விட்டு நகராதீர்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் எந்த ஆடாவது மூச்சுத் திணறி விழுந்தால், உயிர் காக்க உடனே அட்ரினலின் என்ற அவசர மருந்து தேவைப்படும். அதற்காகத்தான் மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது போடச் சொல்கிறேன். குப்பியின் பேட்ச் நம்பரையும் காலாவதி தேதியையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

குட்டிகளுக்கும் சேர்த்துப் போட்டீர்களா என்று தெரியவில்லை. சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்பு சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி எடுபடாது. 3 மாதம் முடியாத குட்டிகள் இருந்தால் தனியாகக் குறித்து வைத்து, வயது வந்ததும் போடுங்கள்.