உச்சிக்குழி துடிக்கிறது என்று கேட்டவருக்கு

சகோதரி, இரண்டு மாதக் குழந்தையின் உச்சி துடிக்கிறது, லேசாகக் குழிந்தும் இருக்கிறது, விளக்கெண்ணெய் வைத்து அழுத்தினால் மூடிக்கொள்ளும் என்று மாமியார் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

துடிப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றுசேராத இடம் அது; உள்ளே ஓடும் ரத்தத்தின் நாடிதான் மேலே தெரிகிறது. முடி குறைவாக இருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். மூடியிருக்கும் சவ்வு உறுதியானது. தாராளமாகத் தலைக்குக் குளிப்பாட்டலாம்.

எண்ணெய்க்காக மாமியாரோடு மல்லுக்கட்டாதீர்கள். தொட்டுத் தடவட்டும், அழுத்த மட்டும் விடாதீர்கள். எண்ணெயால் எலும்பு சேராது. முன்னுச்சி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் தானாக மூடும். சில குழந்தைகளுக்கு 2 வயதுகூட ஆகும்.

குழிவைப் பார்ப்பதற்கு முறை உண்டு. அழாத நேரத்தில், நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். அப்போது லேசாகக் குழிந்திருப்பது இயல்புதான். நன்றாகப் பள்ளம் விழுந்து, சிறுநீர் குறைந்து, வாய் உலர்ந்து, குழந்தை துவண்டிருந்தால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டு வீட்டிலேயே இருக்காதீர்கள். தாய்ப்பால் கொடுத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அழும்போது உச்சி சற்று மேலெழுவது சகஜம். அழுகை நின்ற பிறகும் புடைத்தே இருந்தாலோ, கூடவே காய்ச்சல், வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் இருந்தாலோ, நள்ளிரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இந்த வயதில் காய்ச்சல் மட்டும் வந்தாலே உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது தலைச்சுற்றளவை அளந்து அட்டையில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.