மாதக்கணக்கில் போகாத அந்தரங்க அரிப்பு: மும்பையில் எந்த டாக்டரிடம், எப்படிப் போவது?

கேள்வி: பெண், வயது 24. காட்கோபரில் பிஜியில் தங்கி வேலைக்குப் போகிறேன். மழை தொடங்கியதிலிருந்து தொடை இடுக்கிலும் அந்தரங்கப் பகுதியிலும் அரிப்பு. மெடிக்கலில் கொடுத்த க்ரீம் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வருகிறது. கல்யாணம் ஆகவில்லை. டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் அந்த ட்யூபை எடுத்து, பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக் என்று எல்லாவற்றையும் ஒரே ட்யூபில் போட்டு அடைத்திருப்பார்கள். எந்த நோயாக இருந்தாலும் ஏதோ ஒன்று கேட்டுவிடும் என்ற கணக்கு. "போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் மோசமாகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு அந்த ட்யூப்தான் கண் முன்னால் வந்தது.

நான் டாக்டர் இல்லை. செம்பூரில் குடும்பம் நடத்துகிற, ஐம்பதைத் தாண்டிய பெண். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டில் ஒரே மழைக்காலத்தில் இந்த அரிப்புக்கு இரண்டு பேர் வைத்தியம் பார்த்தோம், நானும் என் மகனும். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு தோலின் அழற்சியை அடக்கும். அதனால் சிவப்பும் அரிப்பும் சீக்கிரமே குறைந்துவிடும், நாமும் குணமாகிறது என்று நினைத்துக்கொள்வோம். அடியில் இருப்பது பூஞ்சை என்றால், அதை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவலையும் சேர்த்தே அது அடக்கிவிடுகிறது. படை என்கிற படர்தாமரை சத்தமில்லாமல் பரவும். வட்டமாக, விளிம்பு தடித்து இருக்க வேண்டிய படர்தாமரை, விளிம்பு மங்கி என்னவென்றே தெரியாத கோலத்துக்கு மாறிவிடும். தொடை இடுக்குத் தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சும். அங்கே தொடர்ந்து போட்டால் பிரசவக் கோடு மாதிரி தோல் வெடித்துக் கோடு விழும், அது பிறகு முழுசாக மறைவதில்லை. 2018ல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. ஸ்டேஷன் வாசலில் இருக்கிற மெடிக்கலில் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

என் மகனுக்கு இருந்தது அந்தப் படைதான். தினமும் லோக்கலில் நசுங்கி, பாதி வழியில் மழையில் நனைந்து, ஈர ஜீன்ஸோடு நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்திருப்பான். அம்மாவிடம் சொல்கிற விஷயமா இது? துணியைத் தனி பக்கெட்டில் ஊறவைக்க ஆரம்பித்தபோதுதான் நான் கேட்டேன். தோல் டாக்டர் படையின் விளிம்பிலிருந்து லேசாகச் சுரண்டி, கேஓஹெச் என்ற கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வலி கிடையாது, ரொம்ப நேரமும் ஆகாது. பூஞ்சை என்று உறுதியானது. இவன் கையோடு கொண்டுபோயிருந்த கூட்டு ட்யூபை அவர் வாங்கி அங்கேயே குப்பைக் கூடையில் போட்டார்.

இந்தியாவில் இப்போது பரவியிருக்கிற பூஞ்சை பழைய படர்தாமரை மாதிரி ஒரு வாரக் களிம்புக்கு அடங்குவதில்லை. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நம் நாட்டுப் பெயரையே தாங்கி 2020ல் பெயர் சூட்டப்பட்ட ஒரு வகை இருக்கிறது. டெர்பினஃபின் என்ற வழக்கமான மருந்துக்கு அது பல பேரிடம் மசிவதில்லை. அதனால் டாக்டர்கள் இட்ராகொனசோல் மாத்திரையைப் பல வாரம் கொடுக்கிறார்கள். அந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு போட வேண்டும், அசிடிட்டி மருந்தோடு சேர்த்துப் போட்டால் சரியாக உடம்பில் சேராது. வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சிலதோடு அது ஆகாது. அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. களிம்பை படையின் மேல் மட்டும் தடவாமல், அதற்கு வெளியே இரண்டு விரல் அகலத்துக்கு நல்ல தோலிலும் தடவச் சொன்னார்.

என் கதை வேறு. மாதவிலக்கு நின்று சில வருஷம் கழித்து வந்தது. ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிற அரிப்பு, வெள்ளைப்படுதல் கிடையாது. பக்கத்து டாக்டர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பூஞ்சைக்கு மாத்திரை எழுதினார். திரும்பப் போனேன், திரும்பவும் அதே சீட்டு. படுக்கச் சொல்லிப் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒரு மகப்பேறு டாக்டரம்மா விளக்கைத் திருப்பி வைத்துப் பார்த்த மறு நிமிஷமே, "இது பூஞ்சை இல்லம்மா" என்றார். தோல் வெளுத்து, மெலிந்து, கசங்கிய சிகரெட் தாள் போல இருந்ததாம். சின்னத் துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்று வந்தது. தொற்று இல்லை, யாருக்கும் ஒட்டாது, அசுத்தத்தால் வருவதும் இல்லை. கவனிக்காமல் விட்டால் அந்த இடத்துத் தோல் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பேருக்குப் பின்னால் புற்றுநோயாக மாறவும் வாய்ப்பு உண்டு என்பதால் வருஷத்துக்கு ஒரு முறையாவது காட்டச் சொல்லியிருக்கிறார்.

அதற்கு எழுதிக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? க்ளோபெட்டசால் 0.05 சதவீதம். முதல் மாதம் தினமும் ராத்திரி, அடுத்த மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு நாள். சீட்டைப் பார்த்த என் மகன், "எம்மா, என்கிட்ட இருந்து பிடுங்கிக் குப்பைல போட்ட மருந்துல்லா இது?" என்றான். அதேதான். அவனுக்குப் படையை வளர்த்த மருந்து எனக்கு ராத்திரித் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. அரிப்பு ஒன்றேதான், வைத்தியம் நேர் எதிர். மெடிக்கல்காரர் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இதை எப்படிப் பிரித்துச் சொல்வார்? கண்ணால் பார்த்தவர் கொடுக்கிற மருந்தை மட்டும் போடுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

உங்கள் வயதுக்கு என் நோய் அவ்வளவாக வராது. தொடை இடுக்கில் வட்டமாகவோ வில் போலவோ விளிம்பு தெரிந்தால் படையாக இருக்கலாம். உள்ளே அரிப்பும் எரிச்சலும், தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுதலும் இருந்தால் கேண்டிடா என்ற பூஞ்சை. நான்கு பெண்களில் மூன்று பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது வருவது அது, அதற்குப் போய் யாரும் வெட்கப்பட வேண்டாம். அடிக்கடி வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். மீன் வாடையோடு நீர்த்த திரவம் வந்தால் அது பாக்டீரியா சமாசாரம், பூஞ்சை மாத்திரை அதற்கு ஒன்றும் செய்யாது. ராத்திரி அதிகமாகி, விரல் இடுக்கிலும் இடுப்பிலும் அரித்து, ரூம்மேட்டும் சொறிந்துகொண்டிருந்தால் சிரங்கு. மாதவிலக்குப் பேட் கம்பெனியை மாற்றிய பிறகோ, முடி நீக்கும் க்ரீம் போட்ட பிறகோ தொடங்கியதா என்றும் யோசித்துப் பாருங்கள்.

இடையில் ஒன்று, உங்களுக்கு இல்லாவிட்டாலும் வேறு யாருக்காவது உதவும். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிற அப்பா அம்மாவுக்குப் புதிதாக அங்கே அரிப்பு வந்தால், அந்த மாத்திரையாலும் இருக்கலாம். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எங்கே போவது? தொடை இடுக்குதான் முக்கியம் என்றால் தோல் டாக்டர். உள்ளே அரிப்பு, வெள்ளைப்படுதல் என்றால் லேடி டாக்டர். இரண்டும் என்றால் தோல் டாக்டரிடமே தொடங்கலாம். காசு ஒரு கவலை என்றால் உங்கள் காட்கோபர் கிழக்கிலேயே மாநகராட்சியின் ராஜாவாடி மருத்துவமனை இருக்கிறது. ஸ்லோ லோக்கலில் மூன்றாவது ஸ்டேஷன் சயன், அங்கே லோக்மான்ய திலக் மருத்துவமனை. நம்ம ஆட்களுக்கு அது எப்போதும் சயன் ஆஸ்பத்திரிதான். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. காலையிலேயே போய் கேஸ் பேப்பர் என்கிற பதிவுச் சீட்டை எடுத்துவிடுங்கள், கூட்டம் இருக்கும், அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போவது நல்லது. தோல் பிரிவுப் பலகையில் பால்வினை நோய் என்றும் சேர்த்து எழுதியிருக்கலாம். அதைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். நம் நாட்டில் இரண்டும் ஒரே படிப்பு, ஒரே டாக்டர். முகத்தில் பரு வந்தவரும் அதே வரிசையில்தான் நிற்பார். பயிற்சி டாக்டர்கள் சூழ்ந்து நின்றால், "இவர்கள் வேண்டாமே" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆண் டாக்டராக இருந்தால் ஒரு பெண் நர்ஸ் உள்ளே இருக்க வேண்டும் என்று கேளுங்கள், அது வழக்கமான நடைமுறைதான்.

"ஷாதி ஹுயி ஹை க்யா?", அதாவது கல்யாணம் ஆகிவிட்டதா என்று கட்டாயம் கேட்பார்கள். கல்யாணச் சாப்பாடு போட்டாயிற்றா என்பது அவர்கள் கவலை இல்லை, உடலுறவு உண்டா என்பதைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். அதற்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். உண்டு என்றால் பார்க்க வேண்டிய நோய்களும் பரிசோதனையும் மாறும், சிலவற்றில் துணைக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால்தான் குணமாகும். இல்லை என்றால் பெரும்பாலும் வெளியே பார்ப்பதோடு முடித்துவிடுவார்கள். நீங்கள் சொல்வதை வீட்டுக்குச் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை, உங்களுக்கு வயது 24. டாக்டரை நேரில் பார்ப்பதற்கு முன்னால் யாரிடமாவது கேட்டுத் தெளிய வேண்டும் என்றால் 1097 என்ற அரசு இலவச எண் இருக்கிறது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பினுடையது, பால்வினைத் தொற்று பற்றியும் கேட்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

வாய் வராவிட்டால் சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். எப்போது தொடங்கியது, என்னென்ன போட்டீர்கள், வெள்ளைப்படுதல் உண்டா, கடைசி மாதவிலக்கு எப்போது, வேறு என்ன மாத்திரை. ஹிந்தி தடுமாறினால் "நீச்சே குஜ்லி" (கீழே அரிப்பு) என்ற இரண்டு வார்த்தை போதும். போட்ட ட்யூப் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டை ரொம்ப நாள் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு அரிப்பு பொங்கிக்கொண்டு வரும். அதனால் இதைத் தள்ளிப் போடாமல் இந்த வாரமே போங்கள், இடையில் இன்னொரு ட்யூப் வாங்காதீர்கள். புண், கொப்புளம், கட்டி, மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம், காய்ச்சல், அடிவயிற்று வலி, இதில் எது இருந்தாலும் நாளைக்கே.

அதுவரை ராத்திரியை ஓட்ட வேண்டுமே. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை வெளியே சில நிமிஷம் வைத்தால் அரிப்பு தணியும். ஐஸை நேராக வைக்க வேண்டாம். சூடான தண்ணீர் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், பிறகு தோல் வறண்டு இன்னும் கூடும். டெட்டால், வாசனை சோப்பு, டிவியில் விளம்பரம் வருகிற அந்தரங்க வாஷ் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர், அதுவும் வெளியே மட்டும். உள்ளே கழுவத் தேவையில்லை, தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கொள்கிற இடம் அது. ஊரிலிருந்து போனில் மஞ்சள், வேப்பிலை, உப்புத் தண்ணீர் என்று யோசனை வரும், "சரி அத்தை" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். படுக்கும்போது உள்ளாடை இல்லாமல் தளர்ந்த நைட்டி போதும்.

மும்பை மழையில் பெரிய தலைவலி துணி காய்வதுதான். பிஜியில் ஒரே வாஷிங் மெஷினில் எல்லார் துணியும் சுற்றும். உங்கள் உள்ளாடை, துண்டு, ஜீன்ஸைத் தனியாக வெந்நீரில் துவையுங்கள். காயாத உள்ளாடையைப் போடாதீர்கள், மேல்தையல் ஓரங்களில் அயர்ன் பாக்ஸை அழுத்தித் தேயுங்கள். ஆபீஸ் பையில் ஒரு மாற்று உடுப்பு இருக்கட்டும். துண்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். ரூம்மேட்டுக்கும் படை இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு ஆறினாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

டாக்டர் பார்க்காமலே சீட்டு எழுதினால், "ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்று கேளுங்கள். சொன்னபடி மருந்து முடித்தும் அப்படியே இருந்தால், சுரண்டிப் பார்க்கும் டெஸ்டோ, பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுக்கும் ஸ்வாப் டெஸ்டோ எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கும் முகம் சுளிக்கிறவராக இருந்தால் அடுத்த டாக்டரைப் பாருங்கள். நானும் அப்படி மாறிப் போனதால்தான் எனக்கு என்ன நோய் என்று தெரிந்தது.