ஒன்றை நிறுத்திப் பார்த்தால் போதுமா?

கேள்வி: ஒரே தரவைப் பல கணினிகளில் நகலெடுத்து வைக்கும் எட்சிடி தரவுத்தளத்தை ஐந்து கணினிகளில் ஓட்டுகிறோம். ஒரு கணினி செயலிழந்தால் தாங்குமா என்று பார்க்க, ஒன்றில் அதன் புராசஸை (ஓடும் நிரலை) உடனே கொல்லும் 'கில் -9' கட்டளையைக் கொடுத்தோம். மற்ற நான்கும் தடங்கலின்றி வேலை செய்தன. இந்தச் சோதனை போதுமா?

பதில்: போதாது. புராசஸைக் கொன்றால் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதன் டிசிபி இணைப்புகளை மூடி, எதிர்முனைக்கு உடனே தெரிவித்துவிடும். கேபிள் பிடுங்கப்பட்டால் தகவலே வராது, வெறும் மௌனம்தான். மென்பொருள் தடுமாறுவது அங்கேதான்.

லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸ் கொண்டு வலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: லீடரும் (எழுதுவதை முன்நின்று நடத்தும் கணினி) இன்னொரு கணினியும் ஒரு பக்கம், மீதி மூன்றும் மறுபக்கம். ஒவ்வொன்றிலும் எதிர்ப்பக்க ஐபி முகவரிகளிலிருந்து வரும் பாக்கெட்டுகளை 'டிராப்' செய்யுங்கள். 'ரிஜெக்ட்' வேண்டாம். அது மறுப்புச் செய்தி அனுப்பிவிடும், மௌனம் கிடைக்காது. சோதனை கிளையன்ட் (தரவுத்தளத்துக்குக் கோரிக்கை அனுப்பும் நிரல்) ஆறாவது கணினியில் இருக்கட்டும், அப்போதுதான் இரு பக்கத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

எட்சிடியில் தேர்தல் காத்திருப்பு (லீடரிடமிருந்து தகவல் வராவிட்டால் புதுத் தேர்தலுக்குமுன் காத்திருக்கும் நேரம்), மாற்றாமல் விட்டால், 1000 மில்லிசெகண்ட். அதனால் இந்தப் பிரிவை ஒரு நிமிடமாவது வைத்திருங்கள். பெரும்பான்மையான மூன்று இருக்கும் பக்கம் புது லீடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு இருக்கும் பக்கத்தில் எந்த எழுத்தும் (தரவை எழுதும் கோரிக்கையும்) 'வெற்றி' என்று திரும்பக் கூடாது. அடுத்து ஒரு திசையை மட்டும் அடைத்துப் பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

பிறகு லீடருக்கு 'கில் -ஸ்டாப்' கொடுத்து உறையவைத்து, 20 செகண்ட் கழித்து 'கில் -கான்ட்' கொடுத்து மீண்டும் ஓடவிடுங்கள். உறக்கம் கலைந்த பழைய லீடர், தானே இன்னும் லீடர் என்று நம்பிக்கொண்டிருக்கும். அந்தக் கணத்தில் அதனிடம் படித்துப் பாருங்கள், பழைய மதிப்பு வரக் கூடாது.

கேள்வி: டைம் அவுட் ஆன (குறித்த நேரத்துக்குள் பதில் வராத) எழுத்தைத் தோல்வி என்று குறித்தோம். பின்னால் படித்தபோது அதே மதிப்பு வந்து நிற்கிறது. இது பிழையா?

பதில்: பிழை உங்கள் குறிப்பில் இருக்கிறது. எழுத்து பதிவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். எனவே வெற்றி, தோல்வி, தெரியாது என மூன்றாகக் குறியுங்கள். இணைப்பே மறுக்கப்பட்டால் தோல்வி, டைம் அவுட் என்றால் தெரியாது. கைல் கிங்ஸ்பரி 2013 முதல் நடத்திவரும், தரவுத்தளங்களை இப்படிச் சோதிக்கும் ஜெப்சன் சோதனைகளும் இப்படித்தான் பிரிக்கின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி மதிப்பு கொடுங்கள். கிளையன்ட் தானாக மறுமுயற்சி செய்வதை அணைத்துவிடுங்கள். 'தெரியாது' பெருகினால், நடந்த செயல்களின் வரலாற்றைச் சரிபார்க்கும் நிரல் அலசவேண்டிய வரிசைகள் வெடித்துப் பெருகும், நினைவகம் தீர்ந்துவிடும். செயல்களைப் பல கீகளாக (மதிப்பைச் சேமிக்கும் பெயர்களாக) பிரித்து, ஒவ்வொன்றிலும் சில நூறு செயல்களோடு நிறுத்துங்கள்.

கேள்வி: மின்வெட்டுக்கும் 'கில் -9' சோதனையே ஆகுமா?

பதில்: ஆகாது. புராசஸ் செத்தாலும் வட்டுக்குப் போகாத தரவு கெர்னலின் நினைவகத்தில் பத்திரமாக இருக்கும். எஃப்சிங்க் (தரவை வட்டில் எழுதச் சொல்லும் அழைப்பு) விடுபட்ட பிழை வெளியே வராது. மெய்நிகர் கணினியின் பவரைச் சட்டென்று துண்டித்துப் பாருங்கள்.