டர்பனில் குழாய் வெல்டிங் சோதனைக்கு எக்ஸ்ரே ஃபிலிமைவிடச் செலவு குறைந்த வழி உண்டா?

டர்பனில் சிறு பட்டறை நடத்தும் உங்களுக்கு ஃபிலிம் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், எக்ஸ்ரே பதிவைத் தாங்கிவைக்கும் பாஸ்பர் தகட்டுக்கு மாறுங்கள். இருக்கும் எக்ஸ்ரே கருவியே போதும்; தகட்டைப் படிக்கும் ஸ்கேனரை மட்டும் வாங்க வேண்டும். வளையும் தகட்டை ஃபிலிமைப் போலவே குழாயின் மேல் சுற்றிவிடலாம். ஸ்கேனரின் சிவப்பு லேசர் பட்டதும், கதிர் பதிந்த இடங்கள் நீல ஒளியை உமிழும். அதுவே கணினியில் படமாகிறது. பிறகு தகட்டில் உள்ள பதிவைப் பளிச்சென்ற வெளிச்சத்தில் அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். இருட்டறையும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம். ஆனால் தகட்டைக் கண்ணும் கருத்துமாகக் கையாளுங்கள்: ஒரு கீறல் விழுந்தால், அது ஒவ்வொரு படத்திலும் வெல்டிங் குறைபோலத் தெரிந்து ஏமாற்றும்.

எக்ஸ்ரேயை நேரடியாகக் கணினிப் படமாக்கும் தட்டை டிடெக்டர் இன்னும் வேகமானது. விலையோ மிக அதிகம், பொதுவாக வளையாது. சிறு பட்டறைக்கு அது தேவையில்லை.

ஸ்கேனருக்குப் பணம் கட்டும் முன், வெல்டிங் எக்ஸ்ரே சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17636-2 முறைப்படி எடுத்த டிஜிட்டல் படத்தை ஏற்பதாக வாடிக்கையாளரிடம் எழுதி வாங்குங்கள். ஃபிலிமுக்கு உரியது 17636-1.