கணவன் மனைவிக்கான இணையப் பயிற்சி: பணம் கட்டுமுன் எதைப் பார்ப்பது?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. அடிக்கடி சண்டை வருகிறது. ஆலோசகரைப் பார்க்க ஈப்போவுக்குப் போய்வரத் தோதுப்படவில்லை. இணையப் பயிற்சிகளில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் ஒன்று. அடி, மிரட்டல், சம்பளக் காசைப் பிடுங்கி வைத்துக்கொள்வது இவையெல்லாம் நடக்கிற வீடு என்றால் எந்தப் பயிற்சியிலும் சேராதீர்கள். ஒளிவுமறைவில்லாமல் பேசச் சொல்லும் பாடம், பயந்திருப்பவரை இன்னும் ஆபத்தில் தள்ளும். அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். 1994 குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். வீட்டில் வன்முறை உண்டா என்று பொறுப்பான பயிற்சி சேரும்போதே இருவரிடமும் தனித்தனியாகக் கேட்கும். கேட்கவே கேட்காத பயிற்சியை நான் நம்பமாட்டேன்.

சண்டை வெறும் வாய்ச்சண்டை என்றால் இணையப் பயிற்சி உண்மையிலேயே உதவும். அமெரிக்காவில் பிரையன் டாஸ், ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் இருவரும் உருவாக்கிய ‘அவர்ரிலேஷன்ஷிப்’ பயிற்சியை 300 தம்பதியரிடம் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரை உடனே சேர்த்து, மீதிப் பேரைக் காத்திருக்க வைத்து ஒப்பிட்ட ஆய்வு அது. சேர்ந்தவர்களின் உறவு தெளிவாகவே மேம்பட்டிருந்தது. அதன் அமைப்பைப் பாருங்கள்: மொத்தம் சுமார் 8 மணி நேரம், பெரும்பகுதியை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும், நடுவில் ஒரு பயிற்றுநர் சில முறை அழைத்துச் சுருக்கமாகப் பேசுவார்.

அந்த அழைப்புதான் உயிர்நாடி. ஆள் யாரும் விசாரிக்காத பயிற்சிகளைப் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். எனவே காணொளி எத்தனை என்று எண்ணாதீர்கள். “எங்களை யார் கூப்பிட்டுக் கேட்பார்? எத்தனை முறை?” என்று எழுதிக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் விட்டுவிடலாம்.

அடுத்து விளம்பரக் கணக்கு. 100 தம்பதியர் சேர்ந்து, 40 பேர் முடித்து, அதில் 36 பேர் ‘நன்று’ என்றால் ‘90 விழுக்காடு வெற்றி’ என்று போடுவார்கள். உண்மையில் அது 100க்கு 36. போதாததற்கு, உறவு மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் ஆட்கள் சேர்கிறார்கள். ஒன்றுமே செய்யாவிட்டாலும் சிலருக்குக் கொஞ்சம் தணிந்திருக்கும். அதனால்தான் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டார்களா, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி கேட்டார்களா என்று பார்க்க வேண்டும். நல்லெண்ணம் மட்டும் போதாது. அமெரிக்க அரசு, மணமாகாமல் குழந்தை பெற்ற அல்லது எதிர்பார்த்த சுமார் 5,000 ஜோடிகளிடம் நேரடி வகுப்பாக நடத்திச் சோதித்த ஒரு பெரிய திட்டம், 2010இல் வந்த முடிவின்படி மொத்தத்தில் பலன் தரவில்லை; ஓர் ஊரில் நிலைமை மோசமாகவும் ஆனது.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும்? ‘அன்பாக இருங்கள்’ என்ற அறிவுரை எதற்கும் உதவாது. செய்து பழகும் பயிற்சி வேண்டும். டென்வர் பல்கலைக்கழகத்தில் மார்க்மனும் ஸ்டான்லியும் வளர்த்த முறையில் ஒரு அட்டை உண்டு. அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், அதுவும் இரண்டு மூன்று வாக்கியம்தான். மற்றவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “எப்பப் பார்த்தாலும் உங்க அம்மாவுக்குத்தான்” என்று தொடங்கினால் சண்டைதான். “போன சம்பளத்துல 200 வெள்ளி அத்தைக்குக் குடுத்தது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. என்னை ஒரு ஆளா மதிக்கலையேன்னு இருந்துச்சு” என்றால் அவர் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. “குடுத்தது இல்ல, உன்கிட்ட சொல்லாததுதான் உனக்குக் கஷ்டம், அப்படித்தானே?” என்று அவர் சொல்லிவிட்டால் பாதிச் சூடு இறங்கிவிடும். இது கெடுவது பெரும்பாலும் ‘ஆனா’ என்ற ஒரே சொல்லில். திருப்பிச் சொல்லும்போதே “ஆனா நீயும்…” என்று வந்தால் அட்டையைக் கீழே வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். தீர்வைப் பற்றி அன்றைக்கே பேசவும் கூடாது.

மொழியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வில் தேறியவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஆங்கிலம் சரளம் என்றால் அவர் வாத்தியார் ஆகிவிடுவார், மற்றவர் மாணவர், அங்கேயே முறுகும். அந்த நிலையில், தமிழில் தொலைபேசியிலோ காணொளியிலோ பேசும் உள்ளூர் ஆலோசகரே மேல். 1998 ஆலோசகர் சட்டப்படி அவர் மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ‘KB, PA’ (பதிவு பெற்ற ஆலோசகர், தொழில் செய்யும் சான்று) இருக்கிறதா என்று பார்த்து, பதிவு எண்ணையும் தயங்காமல் கேளுங்கள். எல்பிபிகேஎன் (LPPKN) என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் அலுவலகத்திலும் குடும்ப ஆலோசனை உண்டு.

தோட்டத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை: பங்கேற்பாளர்களைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சேர்க்கும் பயிற்சி வேண்டாம். லயத்தில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். உங்கள் வீட்டுக் கதை மறுநாளே கோயில் வாசலுக்கு வந்துவிடும். ஒரே கைப்பேசியைப் பகிர்ந்தாலும் ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும், இல்லாவிட்டால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

இன்னொன்று, பயிற்சிச் சான்றிதழ் சட்டத்துக்கு ஆகாது. முஸ்லிம் அல்லாதோர் ஒருதலையாக மணவிலக்கு மனு போடுமுன், சில விதிவிலக்குகள் தவிர, 1976 திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி சமரசக் குழுவுக்குப் போயே ஆக வேண்டும்.

நேரத்துக்கு, 45 நிமிடமாக வாரம் இரண்டு முறை வைத்தால் 8 மணி நேரப் பாடம் ஆறு வாரத்தில் முடியும். இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலையில் மட்டும் வேண்டாம். தூக்கம் கெட்ட மனிதரிடம் எந்த முறையும் பலிக்காது. தொடங்குமுன் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு சண்டையைத் தேர்ந்து, மாதம் எத்தனை முறை வருகிறது, எத்தனை நாள் பேசாமல் இருக்கிறீர்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள்; பாடம் முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்றாம் வாரமும் ஒருவர் மட்டுமே பாடத்தைத் திறக்கிறார் என்றால் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். அப்போதும் மாறவில்லையென்றால் அடுத்த மாதப் பணம் தானாகக் கழிவதற்குள் நிறுத்திவிடுங்கள்.