அசுவினிக்குத் தைலம் அடிக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஒட்டன்சத்திரம் பக்கம் அரை ஏக்கர் அவரை போட்டிருக்கேன். கொழுந்து, பூங்கொத்து எல்லாம் சாறு உறிஞ்சற கருப்பு அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கு. யூகலிப்டஸ் தைலம் அடிச்சா போகுமா?

பதில்: மேலே பட்டது சாகும், படாதது பிழைக்கும். தைலம் செடிக்குள் ஊடுருவுகிற மருந்து இல்லை. பூச்சியின் தோல் வழியே இறங்கி நரம்பைத் தாக்கும், பிறகு சீக்கிரமே காற்றில் போய்விடும். நஞ்சு தங்காதது நல்லதுதான், ஆனால் காவலும் தங்காது. பெண் அசுவினி ஆணில்லாமலே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் போடத் தொடங்கிவிடும். அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டும்போதே தைலம் அடிக்க வேண்டும். உங்கள் வயல் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மொய்த்த நுனிகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வயல் முழுக்க 3 சத வேப்பெண்ணெய் அடியுங்கள். அடுத்த தளிரில் புதிதாகத் தெரிந்தால் அங்கே மட்டும் தைலம், நாலைந்து நாளில் மறுபடி ஒருமுறை.

கேள்வி: வேப்பெண்ணெயும் தைலமும் ஒண்ணுதானே சார்?

பதில்: இல்லை. வேப்பெண்ணெய் கொட்டையை ஆட்டி எடுப்பது, ஆவியாகாமல் இலையில் படிந்து நிற்கும். தைலம் ஆவியில் வடித்து எடுப்பது. வேப்பெண்ணெய்க்குச் சொல்லும் லிட்டருக்கு 30 மில்லி அளவில் தைலத்தை ஊற்றினால் செடி கருகிவிடும்.

கேள்வி: அப்போ தைலம் எவ்வளவு, எப்படிக் கலக்கணும்? மாடித்தோட்டத்தில் கத்தரி, வெண்டை இருக்கு.

பதில்: லிட்டருக்கு 2 மில்லியில் தொடங்குங்கள். 5 மில்லிக்கு மேல் வேண்டாம். தைலத்தை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும், அந்தச் சொட்டு விழுந்த இடமெல்லாம் பொத்தலாகும். கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் தைலத்தை நன்றாக அடித்துக் கலக்கி, பால் போல் வெளுத்த பின் தண்ணீர் சேருங்கள். தெளிக்கும்போதும் இடையிடையே குலுக்க வேண்டும். முதலில் இரண்டு செடியில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். இலையின் அடிப்பக்கம் நனையாவிட்டால் அடித்ததே வீண். வெயில் தாழ்ந்த பிறகு தெளித்தால் இலையும் கருகாது, தேனீயும் திரும்பிப் போயிருக்கும். கிராம்புத் தைலம் என்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் எரியும். பூஜைக்கும் அறை வாசனைக்கும் விற்கும் எண்ணெய்களைத் தயவுசெய்து செடிப் பக்கம் கொண்டுவராதீர்கள், அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது.

கேள்வி: வீட்டில் லெமன்கிராஸ் நிறைய இருக்கு. கொதிக்க வெச்சு அடிக்கலாமா அண்ணா?

பதில்: திறந்த பாத்திரத்தில் கொதித்தால் உங்களுக்கு வேண்டிய தைலம் ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது கஷாயம். ஆவியைக் குளிரவைத்துத் தைலம் பிடிக்கும் வடிகலன் இல்லாவிட்டால் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசலே மேல்.

கேள்வி: பொறிவண்டு நிறைய வருது. அதுவும் செத்துப்போகுமா?

பதில்: பொறிவண்டு அசுவினியைத் தின்னும் நண்பன். தைலம் ஈரமாக மேலே பட்டால் அதற்கும் அதன் புழுவுக்கும் ஆபத்துதான். அடிக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள். பொறிவண்டுப் புழு ஊர்ந்தால், அல்லது சில அசுவினிகள் வைக்கோல் நிறத்தில் உப்பிக் காய்ந்திருந்தால், அன்று தெளிப்பானைத் தொடாதீர்கள். உப்பிக் காய்ந்தவற்றுக்குள் அசுவினியைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி: பப்பாளியில் இலை சுருங்கி, காயில் வளையம் வளையமா இருக்கு. அசுவினியால்தான்னு சொல்றாங்க. தைலம் கேட்குமா?

பதில்: கேட்காது. அது வளையப்புள்ளி வைரஸ். பறந்து வரும் அசுவினி அலகை ஒருமுறை குத்தி ருசி பார்க்கும் சில நொடியிலேயே நோய் ஏறிவிடும், அதற்குப் பிறகு அதைக் கொன்று பயனில்லை. மரத்தை வேரோடு எடுத்து அழியுங்கள். கீழ்ப்பழநி மலையில் விருப்பாட்சி வாழையைச் சீரழித்த முடிக்கொத்து நோயும் (இலைகள் நுனியில் கொத்தாகக் குறுகும் வைரஸ் நோய்) அசுவினி பரப்பியதே. அதற்கும் நோயில்லாத கன்றும், நோய்பட்ட மரத்தை உடனே அகற்றுவதும்தான் வழி.

கேள்வி: எவ்வளவு அடிச்சாலும் திரும்ப வருது. செடி முழுக்க எறும்பு.

பதில்: எறும்பை முதலில் தடுங்கள். அசுவினி கழிக்கும் தேன் நீருக்காக அது பொறிவண்டையே விரட்டிக் காவல் காக்கும். தொட்டி நிற்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், செடி சுவரையோ கம்பியையோ தொடாமல் பாருங்கள். யூரியாவையும் குறையுங்கள், இளசாகக் கொழுத்த தளிரைத்தான் அசுவினி தேடி வரும்.